லஃபீபரிடம் படித்தவர்கள்

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் வரலாற்றாசிரியர் வால்டர் லஃபீபர் 2021 மார்ச்சில், 87 வயதில் இறந்தார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு தகவல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த இரண்டு பேர் பிற்காலத்தில் அமெரிக்க அதிபர்களின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் ஆனார்கள். கிளிண்டனுக்கு சாண்டி பெர்கர். இளைய புஷ்ஷுக்கு ஸ்டீபன் ஹாட்லி. ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும் என்ற தொனியில்தான் அது எழுதப்பட்டிருந்தது. நான் அதை ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அவர் உடனே திருப்பிக் கேட்டார்: "அமெரிக்கா எப்படி சாம்ராஜ்யம் ஆச்சுன்னு வாழ்நாள் பூரா எழுதினவர் இவர். இவர்கிட்ட படிச்சவர்தான் ஈராக் மேல படையெடுத்தப்போ வெள்ளை மாளிகைல உட்கார்ந்திருக்கார். அப்போ அந்தப் படிப்பால யாருக்கு என்ன பிரயோஜனம்னு நீங்களே சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. லஃபீபரின் புத்தகங்களை விரும்பிப் படித்தவன் நான். அவரிடமிருந்துதான் ஓர் அரசாங்க ஆவணத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதனாலேயே நண்பரின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஆசிரியர் சொன்னபடிதான் மாணவர் நடப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அது சரிதான். ஆனால் நண்பர் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. வரலாறு தெரிந்தவர்கள் ஆட்சியில் இருந்தால் அதே தவறு மறுபடி நடக்காது என்ற நம்பிக்கை நம் எல்லாரிடமும் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்றுதான் அவர் கேட்டார்.

1898 தற்செயலா?

லஃபீபர் இண்டியானா மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். சிறு வயதிலிருந்து கல்லூரி முடிக்கும்வரை கடையில் வேலை பார்த்திருக்கிறார். ஹானோவர் கல்லூரி, பிறகு ஸ்டான்ஃபோர்டில் முதுகலை, அப்புறம் முனைவர் பட்டத்துக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே வழிகாட்டி ஃப்ரெட் ஹார்வி ஹாரிங்டன். 1957-இல் வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸும் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார். லஃபீபர், லாய்ட் கார்ட்னர், தாமஸ் மெக்கார்மிக் ஆகிய மூவரும் அந்தக் காலத்து மாணவர்கள். பிற்பாடு இவர்களைச் சேர்த்துத்தான் 'விஸ்கான்சின் பள்ளி' என்ற சிந்தனைக் குழுவாகச் சொன்னார்கள். 1959-இல் கார்னெலில் வேலைக்குச் சேர்ந்த லஃபீபர், 2006-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

முதல் புத்தகம் 1963-இல் வந்த 'தி நியூ எம்பயர்'. அது எதை எதிர்த்து எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அதன் வலு புரியும். 1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போனது. வருடம் முடிவதற்குள் பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம், ஹவாய் எல்லாம் அதன் கைக்கு வந்துவிட்டன. இதற்கு அதுவரை சொல்லப்பட்டு வந்த விளக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: ஸ்பெயினின் கையில் இருந்த கியூபாவில், ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது, பத்திரிகைகள் வெறியைக் கிளப்பின, முதுகெலும்பில்லாத அதிபர் மக்கின்லி பணிந்தார், எதிர்பாராமல் தீவுகள் மடியில் வந்து விழுந்தன. அன்றைய பெரிய வரலாற்றாசிரியர் சாமுவேல் ஃப்ளாக் பெமிஸ் இதை அமெரிக்க வரலாற்றில் ஒரு மாபெரும் விலகல் என்றே எழுதினார். நாடு ஒருமுறை தடம் மாறியது, பிறகு தன் வழிக்குத் திரும்பிவிட்டது என்பது அவர் கணிப்பு.

லஃபீபர் 1860-இலிருந்து தொடங்குகிறார். வெளியுறவு அமைச்சர் சீவர்ட் பசிபிக்கின் சந்தைகளைப் பற்றி என்ன எழுதினார், 1890 கணக்கெடுப்பில் மேற்கு எல்லை என்று தனியாக ஒன்று இனி இல்லை என்று அறிவித்தபோது யார் யார் பயந்தார்கள், கடல் வலிமையைப் பற்றி மஹன் எழுதியதை யார் படித்தார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வருகிறார். நடுவில் 1893-இன் பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடப்பட்டன, மறு வருடமே புல்மன் ரயில்பெட்டி நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை உடைக்கப் பட்டாளம் இறங்கியது. உள்நாட்டில் விற்க முடியாத அளவுக்குச் சரக்கு தேங்கிவிட்டது, வெளியே சந்தை கிடைக்காவிட்டால் உள்ளே கலகம்தான் என்று செனட்டர்களும் ஆலை முதலாளிகளும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு 1898-க்கு வரும்போது அது விலகலாகத் தெரிவதில்லை. முப்பது நாற்பது வருடமாகப் போட்டுக்கொண்டு வந்த பாதையின் அடுத்த மைல்கல்லாகத்தான் தெரிகிறது.

அந்தப் புத்தகத்தில் ஓர் ஆவணம் உண்டு. 1898 மார்ச் 25 அன்று நியூயார்க்கிலிருந்து மக்கின்லிக்கு வந்து சேர்ந்த தந்தி. இங்குள்ள பெரிய நிறுவனங்கள் போர் வரும் என்று இப்போது நம்புகின்றன, இந்த இழுபறியிலிருந்து விடுதலை என்று எல்லாரும் அதை வரவேற்பார்கள் என்பது அதன் சாரம். இரண்டே வாக்கியம்தான். அதுவரை வணிகர்களில் பெரும்பாலோர் போரை விரும்பவில்லை என்பதை லஃபீபரும் மறுக்கவில்லை. ஆனால் மார்ச் நடுவில் அவர்கள் மனம் மாறியதற்கு இந்தத் தந்தியைச் சான்றாக வைக்கிறார். அதற்குப் பின் மக்கின்லியின் மனத்தை எடைபோட்டு அவர் எழுதிய வரி பிரசித்தமானது: மக்கின்லிக்குப் போர் தேவைப்படவில்லை, ஆனால் போரால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்று தேவைப்பட்டது.

இரண்டு வாக்கியத் தந்தியின் மேல் அவர் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்பது என் எண்ணம். அவரை விமர்சித்தவர்கள் கைவைத்ததும் பெரும்பாலும் இங்கேதான். இன்னொரு குறையும் உண்டு. புத்தகம் 1898-இல் முடிந்துவிடுவதால், அதற்கு அடுத்த வருடம் தொடங்கிய போரில் அமெரிக்கப் படைகளிடம் செத்த பிலிப்பைன்ஸ் மக்கள் அதில் இல்லை. வாஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டபின், அந்த முடிவு யார் தலையில் விழுந்தது என்று கேட்காமல் மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் மைய வாதத்தை யாரும் அசைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தற்செயல் என்ற சாக்கு அதோடு போயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். லஃபீபரின் புத்தகத்தில் முட்டாள்கள் கிடையாது, வில்லன்களும் கிடையாது. சீவர்ட், அவருக்குப் பின் வெளியுறவு அமைச்சராக இருந்த பிளெய்ன், மக்கின்லி எல்லாரும் தெளிவாக யோசிக்கிறவர்கள். நாட்டு நலன் என்று தாங்கள் நம்பியதைப் பொறுமையாகத் தேடிப் போகிறார்கள். அவர்கள் எல்லாம் படித்தவர்கள். மஹனே ஒரு வரலாற்றாசிரியர்தான், கடற்போர் வரலாற்றை எழுதித்தான் பெயர் வாங்கினார். வரலாறு தெரியாததால் பேரரசு வந்தது என்று லஃபீபர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. என் நண்பரின் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருந்தும், அதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று.

1969 ஏப்ரல்

மீதிப் பாதியை அவர் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். 1967-இல் பனிப்போரைப் பற்றிய நூல். அமெரிக்காவும் ரஷ்யாவும் மோதிக்கொண்டது 1945-இல் தொடங்கியதல்ல, 1890-களில் மஞ்சூரியாவிலேயே அதன் வேர் இருக்கிறது என்று ஆரம்பித்து, பத்துப் பதிப்புகள் கண்ட புத்தகம் அது. அப்புறம் பனாமா கால்வாய், மத்திய அமெரிக்கா, ஜப்பானோடு அமெரிக்காவுக்கு இருந்த உறவு பற்றி எழுதி 1998-இல் பேன்கிராஃப்ட் பரிசு வாங்கிய 'தி கிளாஷ்'. 1999-இல் மைக்கேல் ஜோர்டனையும் நைக்கி காலணியையும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியையும் வைத்து உலகமயத்தைப் பற்றி ஒரு சிறிய புத்தகம். எல்லாமே நல்ல புத்தகங்கள்தான். ஆனால் எனக்கு ஏதோ பிடிபட்டது புத்தகத்தில் அல்ல, 1969-இல் கார்னெலில் நடந்த ஒரு வாரத்தில்.

அந்த வருடம் லஃபீபருக்கு 35 வயது. வரலாற்றுத் துறையின் தலைவர். வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தவர், அதனால் மாணவர்களுக்கு அவரைப் பிடிக்கும். ஏப்ரல் 18 விடியற்காலையில், கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த வீட்டுக்கு வெளியே யாரோ ஒரு சிலுவையைக் கொளுத்திப் போட்டார்கள். அமெரிக்காவில் எரியும் சிலுவைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பெற்றோர்கள் வந்து தங்கும் வார இறுதி. அன்று காலை கறுப்பின மாணவர்கள் மாணவர் மையக் கட்டடமான வில்லர்ட் ஸ்ட்ரெய்ட் ஹாலைக் கைப்பற்றினார்கள். வெள்ளை மாணவர்கள் சிலர் உள்ளே நுழைந்து கைகலப்பான பிறகு, தற்காப்புக்கு என்று துப்பாக்கிகள் கட்டடத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஏப்ரல் 20 அன்று நிர்வாகத்தோடு உடன்பாடு செய்துகொண்டு துப்பாக்கிகளோடு அவர்கள் வெளியே வந்த படம் அடுத்த வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. முன்பு நடந்த ஒரு போராட்டத்துக்காக மாணவர்கள் மேல் எடுத்த நடவடிக்கையை ரத்து செய்ய வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. 21-ஆம் தேதி ஆசிரியர் பேரவை கூடி மறுத்தது. பல்லாயிரம் மாணவர்கள் பார்ட்டன் ஹாலில் திரண்டார்கள், மிரட்டல்கள் பறந்தன. 23-ஆம் தேதி அதே பேரவை மறுபடி கூடி முடிவை மாற்றிக்கொண்டது.

லஃபீபர் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

அந்த மாணவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். வாசலில் சிலுவை எரிந்த பிறகு யாரும் நிதானமாக மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த கல்வியாண்டில் கார்னெலில் ஆப்பிரிக்க ஆய்வு மையம் திறக்கப்பட்டதற்கு அவர்கள் போராட்டம் ஒரு காரணம். இதெல்லாம் மனத்தில் இருந்தும், லஃபீபர் நின்ற இடத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பல்கலைக்கழகம் என்பது வாதமும் சான்றும் மட்டுமே செல்லுபடியாக வேண்டிய இடம், அங்கே ஆயுதத்துக்குப் பயந்து ஒரு முடிவு மாற்றப்பட்டால் பிறகு அது பல்கலைக்கழகம் இல்லை என்பது அவர் நிலை. அவரைப் போலவே எதிர்த்த வேறு சில பேராசிரியர்கள் கார்னெலை விட்டே போனார்கள். ஆலன் ப்ளூம் போனார், டொனால்ட் கேகன் யேலுக்குப் போனார். அவர்களில் பலர் வலதுசாரிச் சிந்தனைக்காரர்கள். லஃபீபர் போகவில்லை. தன் அரசியலையும் மாற்றிக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பினார், அதே போர் எதிர்ப்போடு, அதே ஆவணங்களோடு.

அவருடைய வேலை முழுவதையும் பிணைக்கிற கயிறு எனக்கு இங்கேதான் தெரிந்தது. சந்தைக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டில் படையை இறக்குவதை எதிர்த்தவர், தன் பக்கத்து ஆட்கள் துப்பாக்கி காட்டி வாதத்தை ஜெயிப்பதையும் எதிர்த்தார். எதிரிக்கு ஒரு நியாயம், நண்பனுக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் பெர்கரும் ஹாட்லியும் ஒரே ஆசிரியரிடம் உட்கார முடிந்தது. வகுப்பில் அவர் கரும்பலகையில் சில தலைப்புகளை எழுதிவைத்துவிட்டு, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் பேசுவார் என்று மாணவர்கள் நினைவுகூர்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் நிரம்பிய அரங்கம். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்கிற பேச்சாக அது இருந்திருந்தால் குடியரசுக் கட்சிப் பையன் அடுத்த வகுப்புக்கு வந்திருக்க மாட்டான்.

ஹாட்லி மேசைக்கு வந்த குறிப்பு

ஹாட்லி கார்னெலில் பட்டம் பெற்றது 1969-இல், அதாவது அந்த ஏப்ரல் நடந்த அதே பருவத்தில். 2001-இல் தேசியப் பாதுகாப்புத் துணை ஆலோசகர் ஆனார். 2002 அக்டோபரில், புஷ் சின்சினாட்டியில் பேசப்போகும் உரையில் ஈராக் அதிபர் சதாம் உசேன் அணுகுண்டுக்காக ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றார் என்ற தகவல் இருந்தது. அது நம்பத்தகுந்ததல்ல என்று அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இரண்டு குறிப்புகளை அனுப்பியது. அதன் இயக்குநர் டெனட் ஹாட்லியிடம் தொலைபேசியிலும் சொன்னார். அந்த உரையிலிருந்து தகவல் நீக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து, 2003 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் அதிபர் ஆற்றிய உரையில் அதே தகவல் மறுபடி வந்தது. மார்ச்சில் படையெடுப்பு. ஜூலை 22 அன்று ஹாட்லி பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து, அந்தக் குறிப்புகள் தனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பொறுப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். 2005-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார்.

லஃபீபர் சொல்லிக்கொடுத்ததே ஒரு தாளை எப்போது யார் யாருக்கு அனுப்பினார், அது வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்கத்தான். அவர் வகுப்பில் இருந்தவரின் மேசைக்கே அப்படிப்பட்ட தாள் வந்தது. மறந்துவிட்டது என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மறதியை முழு விளக்கமாக ஏற்றுக்கொண்டால் 1898-ஐ விபத்து என்று ஏற்றுக்கொண்டவர்கள் பக்கம் நாமும் போய்ச் சேர்ந்துவிடுவோம். போர் வேண்டும் என்று ஏற்கெனவே சாய்ந்துவிட்ட ஓர் அலுவலகத்தில், போருக்கு எதிரான தாள் நினைவில் தங்காது. அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்பதுதான் லஃபீபர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. ஹாட்லி நல்லவரா, ஆசிரியரின் பாடத்தை மறந்தாரா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஆக, அதிகாரிகளை நல்லவர்களாக்க வரலாறு பயன்படும் என்று நினைத்ததுதான் கோளாறு. அது வேறு இடத்தில் பயன்படுகிறது. 1976 தேர்தல் பிரசாரத்தில் ரீகன் பனாமா கால்வாயைப் பற்றி, நாம் கட்டினோம், நாம் பணம் கொடுத்தோம், அது நம்முடையது என்று ஊர் ஊராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 1978-இல் லஃபீபரின் பனாமா புத்தகம் வந்தது, கால்வாயைப் பனாமாவிடம் திருப்பிக் கொடுப்பதற்கான ஒப்பந்தங்கள் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்த அதே வருடம். கால்வாய்ப் பகுதியை அமெரிக்காவின் கைக்குக் கொடுத்த 1903-இன் மூல ஒப்பந்தத்தில் பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் பனாமாக்காரரே அல்ல, பூனோ-வரியா என்ற பிரெஞ்சுக்காரர். பனாமாவின் உண்மையான தூதுக்குழு வாஷிங்டனில் ரயிலை விட்டு இறங்கும்போது கையெழுத்தாகிச் சில மணி நேரம் ஆகியிருந்தது. இது தெரிந்த பிறகு 'நம்முடையது' என்று முன்போல அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு ஒப்பந்தங்களும் 68-க்கு 32 என்று நிறைவேறின, தேவைப்பட்டதைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதல். புத்தகத்தால்தான் ஜெயித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் ஓட்டை இருக்கிறது என்று காட்ட, விவாதம் நடக்கும்போதே ஒருவர் ஆவணத்தோடு எழுந்து நிற்பது சின்ன விஷயம் இல்லை. 2006 ஏப்ரலில் லஃபீபரின் விடைபெறும் உரையைக் கேட்க நியூயார்க் பீக்கன் தியேட்டருக்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். ஹாட்லி அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தார், ஈராக் எரிந்துகொண்டிருந்தது. அந்த 3,000 பேரில் மிகப் பெரும்பாலோர் எந்தப் பதவிக்கும் போகாதவர்கள், வாக்குப் போடுகிறவர்கள், பத்திரிகை படிக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள். என் கணக்கில் லஃபீபரின் மாணவர்கள் என்றால் முதலில் அவர்கள்தான்.

நண்பருக்கு நான் கடைசியில் எழுதிய பதிலில் இன்னொரு பெயரையும் சேர்த்தேன். ரிச்சர்ட் இம்மர்மன். அவரும் கார்னெலில் லஃபீபரிடம் படித்தவர். 1954-இல் குவாட்டமாலாவில் ஆர்பென்ஸ் ஆட்சியைச் சிஐஏ கவிழ்த்ததைப் பற்றி 1982-இல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். ஈராக் உளவுத் தகவல்கள் பொய்த்துப்போன பிறகு, உளவு ஆய்வுகளின் தரத்தைக் கண்காணிக்க உருவாக்கிய பொறுப்பில் 2007 முதல் 2009 வரை அரசுக்குள்ளேயே வேலை பார்த்தார். அப்புறம் வெளியுறவுத் துறையின் வரலாற்று ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1861-இலிருந்து அமெரிக்கா தன் வெளியுறவு ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. நடந்து 30 வருடத்துக்குள் அவை வெளிவந்தாக வேண்டும் என்று 1991-இல் சட்டமே போட்டார்கள். அந்தக் கெடு பெரும்பாலும் காப்பாற்றப்படுவதில்லை. பாதுகாப்புத் துறை தன்னிடமுள்ள ஆவணங்களை விடுவிக்காமல் இழுத்தடிப்பதைக் கண்டித்து இம்மர்மனின் குழு அறிக்கை எழுதியது. சட்டப்படி பார்த்தால் ஹாட்லிக்கு வந்த அந்த இரண்டு அக்டோபர் குறிப்புகளும் அவற்றைச் சுற்றி நடந்த கடிதப் போக்குவரத்தும் 2030-களின் தொடக்கத்தில் நமக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கேட்டுச் சண்டை போட ஆள் வேண்டும். அஞ்சலிக் குறிப்பு எழுதியவர்கள் பெர்கர், ஹாட்லியோடு இம்மர்மனையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும் என்று நண்பருக்குச் சொன்னேன்.